சின்ன டர்போ கார்: தாளில் ஒரு மைலேஜ், சாலையில் ஒரு மைலேஜ்

2020 டிசம்பரில் நிஸான் மேக்னைட் விற்பனைக்கு வந்தபோது அதன் விவரத் தாளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரகடம் ஆலையில் தயாரான அந்தக் காரில் இரண்டு பெட்ரோல் என்ஜின்கள். இரண்டுமே 999 சிசி, இரண்டுக்கும் மூன்று சிலிண்டர்தான். டர்போ இல்லாத என்ஜின் 72 குதிரைத்திறன் தரும், லிட்டருக்கு 18.75 கி.மீ. ஓடும் என்றது தாள். டர்போ பொருத்திய என்ஜின் 100 குதிரைத்திறன் தரும், 20 கி.மீ. ஓடும் என்றது. வலுவும் கூடுகிறது, மைலேஜும் கூடுகிறது!

சாலையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. எந்த நிறுவனத்தின் சிறிய டர்போ காராக இருந்தாலும், நகர நெரிசலில் ஓட்டுபவர் தாளில் உள்ள எண்ணில் பாதியைச் சற்றே தாண்டுவார். நெடுஞ்சாலையில் பொறுமையாக ஓட்டுபவர் அந்த எண்ணை நெருங்கிவிடுவார். ஒரே காரைப் பற்றி ஒருவர் “குடிக்கிறது” என்றும் இன்னொருவர் “டீசல் மாதிரி ஓடுகிறது” என்றும் சொன்னால், இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இந்த முரண் எங்கிருந்து வருகிறது, பராமரிப்பில் டர்போ கூடுதலாக என்ன கேட்கிறது, யாருக்கு இந்தக் கார் பொருந்தும் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. சுருக்கமாகச் சொன்னால், சிசி என்பது அரசாங்கம் படிக்கும் எண். பெட்ரோலைத் தீர்மானிப்பது சுமை.

வரி வளர்த்த என்ஜின்

இந்தியாவில் சின்ன டர்போ பெட்ரோல் கார் பெருகியதற்கு முதல் காரணம் வரி. 2006 மத்திய பட்ஜெட், 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி என்ற வரம்புக்குள் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விகிதத்தில் அது இன்னும் அழுத்தமாகிவிட்டது. கோட்டுக்கு உள்ளே 18 விழுக்காடு, வெளியே 40 விழுக்காடு.

மூன்றாம் நபர் காப்பீட்டிலும் இதே கதைதான். 2022 ஜூன் முதல் அமலான விகிதப்படி 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். 120 குதிரைத்திறன் கொண்ட 998 சிசி டர்போ முதல் படியில் உட்கார்ந்துகொள்கிறது. 80 குதிரைத்திறன் அளவே தரும் 1.2 லிட்டர் சாதாரண என்ஜின் இரண்டாம் படிக்குப் போகிறது.

சிசியைக் கூட்டாமல் வலுவைக் கூட்ட டர்போவே எளிய வழி. 2013-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜினுடன் வந்தது. அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோவில் 1.2 டிஎஸ்ஐ டர்போ என்ஜின் வந்தது. 2017-இல் டாடா நெக்ஸான், 2019-இல் ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையின் வென்யூ, 2023-இல் மாருதி ஃபிராங்ஸ் என்று வரிசை நீண்டது. இடையில், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்ததும் மாருதி டீசலைக் கைவிட்டது, ஃபோக்ஸ்வாகனும் கைவிட்டது. ஸ்விஃப்ட், டிசையர் டீசலில் 20 கி.மீ.க்கு மேல் பார்த்துப் பழகியவர்கள், அதே இழுவையைத் தேடி டர்போ பெட்ரோலுக்கு வந்தார்கள். இழுவை கிடைத்தது. மைலேஜும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்த்ததில்தான் ஏமாற்றம்.

என்ஜினுக்குள் நடப்பது

பெட்ரோல் என்ஜின் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை ஒட்டியே எரிக்கிறது. எனவே வலுவைக் குறைக்க வேண்டுமானால் பெட்ரோலை மட்டும் குறைத்தால் போதாது, காற்றையும் குறைக்க வேண்டும். உள்ளிழுக்கும் குழாயில் இருக்கும் த்ராட்டில் அந்த வேலையைச் செய்கிறது. மெதுவாகப் போகும்போது அது பெரும்பகுதி மூடியிருக்கும். பிஸ்டன்கள் அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதிலேயே கணிசமான சக்தி வீணாகும். பெரிய என்ஜினைக் குறைந்த சுமையில் ஓட்டும்போது இந்த இழப்பு மிக அதிகம். அதே வேலையைச் சிறிய என்ஜினிடம் கொடுத்தால் த்ராட்டில் அகலத் திறக்கிறது, இழப்பு குறைகிறது. சிலிண்டர் மூன்றே என்பதால் உராய்வும் குறைவு. சின்ன டர்போவின் சிக்கனம் உண்மையில் இந்தச் சிறுமையிலிருந்து வருவது. டர்போ வேலை செய்யாத நேரத்தில் கிடைக்கும் லாபம் அது.

வலு தேவைப்படும்போது நிலைமை மாறுகிறது. வெளியேறும் புகை டர்பைனைச் சுற்றுகிறது. அதே அச்சில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. சின்ன டர்போக்களில் அந்த அச்சு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள் வரை சுழலும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கில் காற்று புகுந்தால், 1 லிட்டர் என்ஜின் ஏறத்தாழ 2 லிட்டர் என்ஜினின் காற்றை விழுங்குகிறது. 14.7-க்கு 1 என்ற விகிதம் மாறாததால் 2 லிட்டர் என்ஜினின் பெட்ரோலையும் கேட்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 999 என்று எழுதியிருப்பது அப்போது என்ஜினுக்குத் தெரியாது.

இதற்கு மேலும் இரண்டு செலவுகள் உண்டு. அழுத்திய காற்று சூடாகும், கலவை நேரம் தவறி வெடிக்கப் பார்க்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். அதைத் தடுக்க அமுக்க விகிதத்தைக் குறைத்தே வடிவமைக்கிறார்கள். டர்போ இல்லாத புதிய என்ஜின்களில் 12, 13 வரை போகும் விகிதம் டர்போக்களில் 10, 10.5 அளவில் நிற்கிறது. அதோடு கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இரண்டுமே திறனைக் குறைப்பவை. அடுத்தது, முழு மிதியில் நீண்ட நேரம் ஓட்டும்போது புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்பைன் இதழ்களைக் காப்பாற்றப் பல என்ஜின்கள் தேவைக்கு அதிகமான பெட்ரோலைத் தெளித்துக் குளிரவைக்கின்றன. அந்தப் பெட்ரோல் காரை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை.

டீசல் என்ஜினுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. அது காற்றைத் தாராளமாக உள்ளே விட்டு, தேவையான அளவு டீசலை மட்டும் பாய்ச்சுகிறது. அதனால் டீசல் டர்போவின் மைலேஜ் ஓட்டும் விதத்துக்கு அவ்வளவாக ஆடாது, பெட்ரோல் டர்போவின் மைலேஜ் ஆடும்.

சோதனைக் கூடத்தின் 20

தாளில் உள்ள எண் பொய்யல்ல. அது சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி அளந்த எண். இந்தியாவில் பின்பற்றும் ஓட்டச் சுழற்சி, ஐரோப்பாவின் பழைய என்இடிசி சுழற்சியைத் திருத்தி எடுத்தது. மொத்தம் 1,180 விநாடிகள். ஐரோப்பியச் சுழற்சியில் 120 வரை போன உச்ச வேகத்தை இங்கே 90-இல் நிறுத்திவிட்டார்கள். முடுக்கம் மிக மென்மை, ஏ.சி. அணைந்திருக்கும். பின்னால் இருந்து ஹாரன் அடிக்க யாரும் கிடையாது, மேம்பாலம் கிடையாது, நாலு பேரும் பெட்டிகளும் கிடையாது.

இத்தனை மெதுவான ஓட்டத்தில் டர்போவுக்கு வேலையே குறைவு. என்ஜின் தன் சிறுமையின் லாபத்தை முழுதாக அனுபவிக்கிறது. மேக்னைட் தாளில் டர்போ முந்தியதற்கு இந்தச் சுழற்சியின் சாதுவான போக்கு இடம் கொடுத்தது.

ஐரோப்பா இந்த அனுபவத்தை நமக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. தூய்மைப் போக்குவரத்துக்கான சர்வதேச அமைப்பான ஐசிசிடி பல ஆண்டுகளாகத் தொகுத்த கணக்கில், ஆய்வகத்துக்கும் சாலைக்கும் இருந்த எரிபொருள் இடைவெளி 2001-இல் 10 விழுக்காட்டுக்குள் இருந்தது, 2015-ஐ ஒட்டி 40 விழுக்காட்டை எட்டியது. டர்போ மட்டுமே அதற்குக் காரணமில்லை. சோதனைக்கு ஏற்றபடி காரை வடிவமைக்கும் பழக்கம் முற்றியதே பெரிய காரணம். ஆனால் சிறிய டர்போ அந்தப் பழக்கத்துக்கு நன்கு வளைந்துகொடுத்த கருவி. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழும் 2013-இல் தன் சோதனைகளை வைத்து, சின்ன டர்போக்கள் வாக்களித்த மைலேஜைத் தருவதில்லை என்று எழுதியது. 2017 செப்டம்பரில் ஐரோப்பா டபிள்யூஎல்டிபி என்ற புதிய சுழற்சிக்கு மாறியது. அது 1,800 விநாடிகள், உச்ச வேகம் 131 கி.மீ. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் உண்மைச் சாலையில் புகையை அளக்கும் விதி வந்திருக்கிறது. ஷோரூம் தாளில் அச்சாகும் மைலேஜ் இன்னும் கூடத்தில் பிறப்பதுதான்.

நம் சாலைகளில்

மூன்று சூழல்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது நகரம். சென்னையில் கத்திப்பாராவிலிருந்து கிண்டி வரை நின்று நின்று போகும் காரில், ஒவ்வொரு முறை நகரும்போதும் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையை நிலையிலிருந்து கிளப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் டர்போ விழித்துக்கொள்கிறது. ஏ.சி. கம்ப்ரஸர் வேறு அந்தச் சிறிய என்ஜினின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சின்ன டர்போ கார் இங்கே 10 முதல் 12 கி.மீ. கொடுப்பதே வழக்கம். கடும் நெரிசலில் ஒற்றை இலக்கத்துக்கும் இறங்கும்.

இரண்டாவது நெடுஞ்சாலை. தாம்பரம் தாண்டி விழுப்புரம், திருச்சி என்று 80–90 வேகத்தில் உயர்ந்த கியரில் சீராகப் போனால் 17, 18, சில கார்களில் அதற்கு மேலும் வரும். வேகம் 120-ஐத் தொட்டால் கதை வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 80-லிருந்து 120-க்குப் போகும்போது எதிர்ப்பு 2.25 மடங்காகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் 3 மடங்கைத் தாண்டுகிறது. டர்போ ஓயாமல் உழைக்கிறது, மைலேஜ் 13–14-க்குச் சரிகிறது. டர்போ இல்லாத காரும் அதே காற்றைக் கிழித்துத்தான் போகிறது. ஆனால் அதில் 120-இல் என்ஜின் கத்துவது காதில் விழும், கால் தானே தளரும். டர்போ காரில் சத்தமில்லாமல் 120 வந்துவிடும். டர்போ காரர்களின் பெட்ரோல் செலவில் ஒரு பங்கு இந்தச் சுகத்துக்கான கட்டணம்.

மூன்றாவது மலை. டர்போ தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். சாதாரண என்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. டர்போ காற்றைத் தானே அழுத்திக்கொள்வதால் அந்த இழப்பைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது. குன்னூர் ஏற்றத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆள் நிறைந்த 1.2 லிட்டர் சாதாரண காரை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் கதறவிட்டு ஏற்றுவதைவிட டர்போவில் ஏறுவது எளிது. மைலேஜ் வித்தியாசமும் அங்கே சுருங்கிவிடும்.

இவற்றோடு எத்தனால் கணக்கும் சேர்கிறது. கன அளவுக்குக் கன அளவு எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே இருக்கிறது. 20 விழுக்காடு கலந்த இ20-இல் ஆற்றல் 6–7 விழுக்காடு குறைவு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது கலவையைக் குளிரவைக்கிறது. இரண்டும் நாக்கிங்கைத் தள்ளிப்போடுபவை. இ20-க்கென்றே டியூன் செய்த டர்போ என்ஜின் அதிகச் சுமையில் இழப்பின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். பழைய கார்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

மைலேஜ் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஷ்போர்டு காட்டும் எண் பெரும்பாலும் சற்றுத் தாராளமானது. ஒரே பங்க்கில் முதல் ‘கட்’ விழும்வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, முக்கால் டேங்க் ஓட்டிவிட்டு மறுபடி அதே போல் நிரப்பிக் கணக்கிடுங்கள். மூன்று நான்கு முறைகளின் சராசரிதான் நம்பத்தக்கது.

பராமரிப்பு: ஆயிலில் தொடங்கி ஆயிலில் முடிவது

டர்போ என்றதும் “அது போனால் பெரிய செலவு” என்ற பயம் எழுகிறது. டர்போவை மாற்றுவது பல பத்தாயிரம் ரூபாய் விஷயம் என்பது உண்மைதான். ஆனால் டர்போ தானாகக் கெடுவது அபூர்வம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஆயில். 2 லட்சம் சுற்றுகளில் சுழலும் அச்சு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆயில் குறைந்தாலோ, கெட்டுக் கரியாகி வழியை அடைத்தாலோ அச்சு உடனே தேய்கிறது.

எனவே முதல் விதி, கையேடு சொல்லும் தரத்தில் முழு சிந்தெடிக் ஆயில். இதில் தரக்குறியும் முக்கியம். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் டர்போக்களில், குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஏற்றும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை வெடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு கோளாறு உண்டு. அதைக் குறைக்கவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரமும், 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. ஓட்டுபவர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 1,200–1,300 சுற்றில் உயர் கியரில் வைத்துக்கொண்டு முழுதாக மிதிக்காமல், ஒரு கியர் இறக்கி மிதிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆயில் மாற்றும் இடைவெளி. பொதுவாக 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, சில நிறுவனங்களில் 15,000. ஆனால் கிலோமீட்டர் மட்டும் பார்ப்பது நகரவாசிக்குப் பொருந்தாது. சராசரி வேகம் 60 என்றால் 10,000 கி.மீ. ஓட 167 மணி நேரம். சென்னையில் சராசரி 18 என்றால் அதே தூரத்துக்கு 556 மணி நேரம். ஆயில் மூன்று மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறது. பல கையேடுகளின் பின்பக்கத்தில் ‘கடின உபயோகம்’ என்று தனி அட்டவணை இருக்கும். நம் நகர ஓட்டம் அதில்தான் சேரும். நெரிசலிலேயே ஓடும் டர்போ காருக்கு 10,000-க்குப் பதில் 6,000–7,000 கி.மீ.யில் ஆயில் மாற்றுவது மிகை எச்சரிக்கை ஆகாது.

மூன்றாவது பெல்ட். சில என்ஜின்களில் செயின், சிலவற்றில் வெளியே ரப்பர் பெல்ட், சிலவற்றில் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடும் பெல்ட். மூன்றாம் வகை பலருக்குப் பாடம் கற்பித்தது. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து ‘ஆண்டின் சர்வதேச என்ஜின்’ விருது பெற்றது. அதே என்ஜின் குடும்பத்தின் ஆயில் பம்ப் பெல்ட் பற்கள் உதிரலாம் என்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.4 லட்சம் கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. அவற்றில் ஈகோஸ்போர்ட்கள் நம் சென்னையில் கட்டி ஏற்றுமதியானவை. ஐரோப்பாவில் தன் 1.2 பியூர்டெக் என்ஜினின் நனைந்த பெல்ட் சிக்கலுக்காக ஸ்டெல்லாண்டிஸ் கார் நிறுவனம் 10 ஆண்டு வரை உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. பழைய டர்போ கார் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பெல்ட்டா, செயினா? எப்போது மாற்றினார்கள்?

நான்காவது, உட்செலுத்தும் முறை. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் என்ஜின்களில் உள்வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை, காலப்போக்கில் கரி படியும். நெக்ஸானின் 1.2 டர்போ என்ஜின் போலக் குழாயில் பாய்ச்சும் எளிய முறையில் இந்தத் தொல்லை இல்லை. நேரடிப் பாய்ச்சல் என்றால், நீண்ட காலத்துக்குப் பின் ஐட்லிங்கில் குலுங்கலோ இழுவைக் குறைவோ தெரிந்தால் கரி நீக்கும் செலவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மற்றவை சிறு விஷயங்கள். ஸ்பார்க் பிளக்கைக் காலத்தில் மாற்ற வேண்டும். கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று சர்வீஸின்போது பார்க்கச் சொல்லலாம். மலையேறி நின்றதும், வேகமாக வந்து சுங்கச் சாவடி உணவகத்தில் நிறுத்தியதும், என்ஜினை அரை நிமிடம் ஓடவிட்டு அணைப்பது நல்லது. அன்றாட நகர ஓட்டத்தில் அது தேவையே இல்லை. ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி உள்ள கார்களில், நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதுதான் கிளட்சைத் தேய்க்கிறது. இடைவெளி விட்டு நகர்வது பணத்தை மிச்சப்படுத்தும். பல டர்போ கார்களின் ‘டர்போ செலவு’ உண்மையில் கியர்பாக்ஸ் செலவு.

எதோடு ஒப்பிடுவது?

சின்ன டர்போவைச் சாடுபவர்கள் அதை 1.2 லிட்டர் சாதாரண என்ஜினோடு வைத்துப் பார்க்கிறார்கள். வலுவை வைத்துப் பார்த்தால் அதன் ஜோடி 1.5 லிட்டர். வென்யூவின் 1 லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன், ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் சாதாரண என்ஜின் 121. இந்த ஒப்பீட்டில் பெட்ரோல் செலவு ஏறத்தாழச் சமம், வரியும் காப்பீடும் டர்போவுக்குச் சாதகம். 1.2 லிட்டரோடு ஒப்பிட்டால், கூடுதல் வலுவுக்குக் கூடுதல் பெட்ரோல் என்ற நேரான வியாபாரம்தான் அது. சிக்கனமே குறி என்றால் டர்போ தேவையில்லை என்பதற்கு மாருதியே சாட்சி. 2024 ஸ்விஃப்டில் டர்போ இல்லாத மூன்று சிலிண்டர் 1.2 என்ஜினை வைத்து 24.8 கி.மீ. என்று அறிவித்தது.

ரூபாயில் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 12,000 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். நகரத்திலேயே ஓடும் சாதாரண 1.2 கார் 14 கி.மீ., டர்போ 11.5 கி.மீ. கொடுத்தால் முறையே 857 லிட்டர், 1,043 லிட்டர். வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 18,600 ரூபாய். ஐந்தாண்டில் 93,000. டர்போவுக்கு ஷோரூமில் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஏறத்தாழ இணையான தொகை அது. நெடுஞ்சாலையிலேயே நிதானமாக ஓடினால் 19-க்கு 18 என்று வரலாம். அப்போது வித்தியாசம் ஆண்டுக்கு 3,500 ரூபாய்தான். காப்பீட்டில் மிச்சமாகும் 1,322 ரூபாயைக் கழித்தால் இன்னும் குறையும். ஆயிலை முன்கூட்டியே மாற்றும் செலவைச் சேர்த்தால், நகர ஓட்டக்காரரின் சுமை மேலும் ஏறும்.

ஆகவே முடிவு கடினமில்லை. உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி நகர நெரிசல், வாரம் ஒருமுறை மட்டும் வெளியூர் என்றால் சாதாரண 1.2 என்ஜினே போதும். கையில் பணம் இருந்தால் நின்று நின்று போகும் ஓட்டத்தில் மிச்சப்படுத்தும் ஹைப்ரிட்டைப் பாருங்கள். மாதத்தில் பல நாள் நெடுஞ்சாலை, அடிக்கடி மலை, பெரும்பாலும் ஆள் நிறைந்த கார் என்றால் சின்ன டர்போ தகுந்த தேர்வு. எதை வாங்கினாலும் ஷோரூமில் கேட்க வேண்டியது “மைலேஜ் எவ்வளவு?” என்பதல்ல. பெல்ட்டா செயினா, எந்தத் தர ஆயில், எத்தனை லிட்டர், கடின உபயோகத்துக்கு எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் என்று கேளுங்கள். பதில்களை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.